ஒரு நொதியைத் தடுத்தால் சிறுநீரகம் பிழைத்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திடீர் சிறுநீரகப் பாதிப்புக்கு மருந்து கைக்கெட்டிவிட்டது, ஒரு நொதியைத் தடுத்தால் போதும் என்ற பொருளில் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். மரபணுக்களை இயக்கியும் அடக்கியும் வைக்கும் எபிஜெனெடிக் நொதிகளைப் பற்றித் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். அதற்கு நன்றி. ஆனால், வலிப்புக்குத் தரும் வால்ப்ராயேட்டே அந்த மருந்து என்ற கட்டுரையின் முடிவு, ஆய்வுகள் காட்டுவதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. எந்த நொதி, எந்தச் செல்லில், பாதிப்புக்கு முன்பா பின்பா என்ற மூன்றையும் சொல்லாமல் எழுதப்பட்ட அந்த வரியை நம்பி வாசகர்கள் மருந்துக் கடைக்குப் போய்விடக் கூடாது என்பதால், இத்துறையில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நோய். சர்க்கரை நோயிலும் ரத்தக் கொதிப்பிலும் ஆண்டுக்கணக்கில் மெல்லப் பழுதாகும் சிறுநீரகத்தையும் இதையும் கட்டுரை ஒன்றாகவே பேசுகிறது. இது மணிக்கணக்கில் நேர்வது. கேடிகோ என்ற பன்னாட்டு வழிகாட்டி அமைப்பு 2012-ல் வகுத்த அளவுகோல் இதுதான்: சிறுநீரகம் கழிக்க வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூட வேண்டும், அல்லது 7 நாட்களுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்காக வேண்டும், அல்லது தொடர்ந்து 6 மணி நேரம் சிறுநீர், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் 6 மணி நேரத்தில் 180 மில்லிலிட்டர்கூடக் கழிக்கவில்லை என்றால் இந்தக் கணக்கில் வந்துவிடுவார். கடும் தொற்றில் ரத்த அழுத்தம் விழுவது, இதய அறுவை, நீரிழப்பு, நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் கசிவது, புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின், தொற்றுக்குத் தரும் ஜென்டாமைசின் போன்ற மருந்துகள், வலி மாத்திரைகள் எனக் காரணங்கள் பல. ஈரல் முற்றிலும் கெட்டவர்களுக்கு வரும் ஒரு தனி வகைக்குத் தரப்படும் டெர்லிபிரெசினை விட்டுவிட்டால், பாதிப்பு வந்தபின் அதைத் திருப்பும் மருந்து என்று இன்றுவரை எதுவும் இல்லை. காரணத்தை நீக்குகிறோம், ரத்த ஓட்டத்தையும் உப்புகளையும் சீராக வைக்கிறோம், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்கிறோம், மீதியைச் சிறுநீரகம் தானே பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில் உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் இந்த நொதிகள் வருகின்றன.

அடி விழுவது பெரும்பாலும், வடிகட்டிய நீரிலிருந்து உடலுக்கு வேண்டியதை மீட்கும் குழலின் முதல் பகுதியான அண்மைச் சுருள்குழலில், அதிலும் மெடுல்லா என்ற சிறுநீரக உட்பகுதியின் வெளிப்பட்டைக்குள் நேராக இறங்கும் அதன் கடைசிப் பகுதியில். உடல் எடையில் நூற்றில் அரைப் பங்குகூட இல்லாத இரண்டு சிறுநீரகங்களும் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அதில் பெரும்பகுதி கார்டெக்ஸ் என்ற வெளிப்பகுதியோடு நின்றுவிடுகிறது. மெடுல்லாவில் ஆக்சிஜன் அழுத்தம் நல்ல நாளிலேயே 10 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசம்தான். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நாள் முழுவதும் சோடியத்தை இழுத்து மீட்கும் வேலையைச் செய்யும் செல்கள் இவை. குளுக்கோஸை எரித்து ஒப்பேற்றும் திறனும் இவற்றுக்குக் குறைவு, கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவில் எரித்தே பிழைக்கின்றன. ரத்தம் அரை மணி நேரம் தடைப்பட்டாலே முதலில் விழுவது இவைதான். செத்தவை உதிர்ந்தபின், தப்பிய செல்கள் தங்கள் முதிர்ந்த வேலையை விட்டுவிட்டு, தட்டையாகி, பிரிந்து பெருகி, காலியிடத்தை மூடி, பிறகு மீண்டும் முதிர வேண்டும். பழைய வேலையின் மரபணுக்களை மூடி, பெருகும் மரபணுக்களைத் திறந்து, பிறகு அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். சில செல்கள் இந்தச் சுற்றை முடிப்பதே இல்லை. பிரிவதற்குச் சற்று முன்னால் ஜி2/எம் என்ற கட்டத்தில் சிக்கிக்கொண்டு, நார்த்திசுவை வளர்க்கும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கும். 2010-ல் எலிகளில் இது காட்டப்பட்டது. கிரியேட்டினின் இறங்கி வீடு திரும்பியவருக்குச் சில ஆண்டுகளில் நாள்பட்ட சிறுநீரக நோய் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

டிஎன்ஏ செல்லுக்குள் வெறும் இழையாகக் கிடப்பதில்லை. ஹிஸ்டோன் புரதங்கள் எட்டு சேர்ந்த உருளையில் 147 எழுத்து இணைகள் அளவுக்கு, நூல்கண்டில் நூல்போல், சுற்றியிருக்கிறது. உருளையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வால்களில் லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஏறினால் சுற்று தளர்ந்து மரபணு படிக்கக் கிடைக்கும். ஏற்றுவது பி300 போன்ற அசிட்டைல் ஏற்றும் நொதிகள், இறக்குவது எச்டேக் எனப்படும் அசிட்டைல் நீக்கிகள். மீத்தைல் என்ற இன்னொரு சிறு குழு ஏறினால் பலன் இடத்தைப் பொறுத்தது. மூன்றாம் ஹிஸ்டோனின் 4-ஆம் லைசினில் மூன்று மீத்தைல் இருந்தால் மரபணு திறந்திருக்கிறது என்று அடையாளம். 27-ஆம் லைசினில் மூன்று இருந்தால் பூட்டு, அதைப் போடுவது ஈஇசட்எச்2. டிஎன்ஏவின் சைட்டோசின் மேலேயே மீத்தைல் வைப்பவை டிஎன்எம்டி நொதிகள், அதை எடுக்கும் வேலையைத் தொடங்கிவைப்பவை டெட் நொதிகள். கட்டுரை இவை அனைத்தையும் ஒரே நொதி போலப் பேசிவிட்டது. அசிட்டைல் நீக்கிகள் மட்டுமே மனிதரில் 18 உள்ளன. அதில் 11 துத்தநாகத்தை வைத்து வேலை செய்பவை. மீதி 7, சர்ட்டுயின் குடும்பம், என்ஏடி என்ற மூலக்கூறைச் செலவழித்துத்தான் வேலை செய்யும்.

எங்களைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி இந்தச் செலவுக் கணக்குதான், கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அசிட்டைல் ஏற்ற, அதைச் சுமந்து வரும் அசிட்டைல் கோ-ஏ என்ற மூலக்கூறு வேண்டும். அண்மைச் சுருள்குழலில் அது பெருமளவு கொழுப்பு அமிலம் எரிவதிலிருந்து வருவது, அடிபட்ட செல்லிலோ அந்த எரிப்பே முடங்கிக் கிடக்கிறது. சர்ட்டுயினுக்கு என்ஏடி வேண்டும். அடிபட்ட சிறுநீரகத்தில் என்ஏடி உற்பத்தியும் விழுகிறது, உடைந்த டிஎன்ஏவைச் செப்பனிடும் பார்ப் நொதிகளும் இருப்பதைக் காலி செய்கின்றன. டெட் நொதிகளுக்கும், ஹிஸ்டோனிலிருந்து மீத்தைலை நீக்கும் பல நொதிகளுக்கும் ஆக்சிஜன், இரும்பு, ஆல்ஃபா-கீட்டோகுளுட்டாரேட் மூன்றும் தேவை. ஆக்சிஜன் இல்லையென்றால் நீக்கும் கை நின்றுவிடும், போடும் கை தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்கும். 2018-ல் வெளியான ஒரு மாற்றுச் சிறுநீரக ஆய்வு இதை மனிதத் திசுவிலேயே காட்டியது. ரத்தம் இல்லாமல் காத்திருந்த சிறுநீரகங்களில் டிஎன்ஏ மீத்தைலேற்றம் கூடியிருந்தது. அந்தக் கூடுதல், பின்னாளில் அந்த உறுப்பு நார்பிடித்துக் கெடுமா என்பதை முன்கூட்டியே சொல்லவும் செய்தது. ஆகவே இந்த நொதிகள் மரபணு அலுவலகத்தில் உட்கார்ந்து உத்தரவு போடும் தனி அதிகாரிகள் என்று எண்ணினால் பாதி தவறிவிடும். செல்லின் எரிபொருள் நிலவரம் நேராக டிஎன்ஏ மேல் எழுதப்படும் வழி இவை. மருந்தால் நொதியைத் தடுக்கும்போது, அது ஏற்கெனவே எரிபொருள் இல்லாமல் நின்றுபோயிருக்கிறதா என்ற கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும்.

இப்போது கட்டுரை கொண்டாடிய எச்டேக் தடுப்பான்கள். 2013-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஜீப்ராமீன் கருக்களில் தேடிக் கண்டுபிடித்த மீத்தைல் ஃபீனைல்தயோ பியூட்டனோயேட் என்ற தடுப்பானைச் சிறுநீரகம் அடிபட்ட 24 முதல் 48 மணி நேரத்துக்குப் பிறகு கொடுத்தார்கள். மீன் குஞ்சுகள் அதிகம் பிழைத்தன. எலிகளில் மீட்சி விரைந்தது, ஜி2/எம் கட்டத்தில் சிக்கிய செல்கள் குறைந்தன, நார்த்திசுவும் குறைந்தது. அடி விழுந்தபின் கொடுத்துப் பார்த்த ஆய்வு என்பதால் எங்களுக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. அடுத்த ஆண்டே வேறொரு குழு, எச்டேக்குகளில் முதல் வகுப்பு என்ற ஒரு பிரிவைத் தடுக்கும் எம்எஸ்-275 என்ற மருந்தை, ஃபோலிக் அமிலத்தாலும் தசைச் சிதைவாலும் சிறுநீரகம் கெட்ட எலிகளுக்குக் கொடுத்தது. பாதிப்பு கூடியது, செல்கள் பெருகுவது குறைந்தது. தலைப்பிலேயே அந்த நொதிகளின் வேலை மீட்சிக்குத் தேவை என்று எழுதினார்கள். இரண்டும் எச்டேக் தடுப்பான்கள். இரண்டு ஆய்வும் ஒழுங்காகச் செய்யப்பட்டவை. அடித்த விதம் வேறு, மருந்தின் குறி வேறு, கொடுத்த நேரம் வேறு.

இதற்கும் முன்னால், 2008-ல், வோரினோஸ்டாட், டிரைகோஸ்டாட்டின் ஆகிய தடுப்பான்கள் வளர்ப்புக் கிண்ணத்தில் இருந்த நலமான சிறுநீரகக் குழல் செல்களைத் தாமாகவே சாகடித்தன என்று ஒரு குழு எழுதியது. அதே குழு 2010-ல், அதே வகை மருந்துகள் சிஸ்பிளாட்டினால் சாக இருந்த குழல் செல்களை, செல்லைச் சாவுக்குத் தள்ளும் பி53 புரதம் தூண்டப்படுவதைக் குறைத்துக் காப்பாற்றின என்று எழுதியது. முரண்பாடு போலத் தோன்றும். முழுத்தூக்கத்தில் இருக்கும் செல்லும் டிஎன்ஏ உடைந்து பதறும் செல்லும் ஒரே மருந்துக்கு ஒரே பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அளவும் முக்கியம். சற்றே கூடினால் காக்கும் மருந்து கொல்லும் மருந்தாகிவிடும்.

தனி நொதிகளாகப் பிரித்துப் பார்த்தாலும் கதை இதேதான். எச்டேக்6 பெரும்பாலும் செல்லின் சைட்டோபிளாசத்தில் வேலை செய்வது, ஹிஸ்டோனைவிட டியூபுலின் போன்ற புரதங்களிலிருந்தே அசிட்டைலை எடுக்கிறது. டியூபாஸ்டாட்டின்-ஏ கொண்டு அதைத் தடுத்தபோது தசைச் சிதைவு வகைப் பாதிப்பும் சிஸ்பிளாட்டின் வகைப் பாதிப்பும் எலிகளில் குறைந்தன. ஆக, எபிஜெனெடிக் மருந்து என்று பெயர் பெற்ற ஒன்று எபிஜெனெடிக்ஸைத் தொடாமலே பலன் தந்திருக்கவும் கூடும். சர்ட்டுயின்களில் முதலாவதைக் குழல் செல்களில் கூடுதலாக வைத்த எலிகள் சிஸ்பிளாட்டினைத் தாங்கின. மூன்றாவது இல்லாத எலிகள் சிஸ்பிளாட்டின் கொடுத்ததும் செத்தன. ஐந்தாவதும் ஏழாவதும் இல்லாத எலிகளோ, இருந்தவற்றைவிட நன்றாகத் தாங்கின. ஒரே குடும்பம், ஒரே எரிபொருள், எதிரெதிர் முடிவுகள். சர்ட்டுயினைத் தூண்டும் துணைமாத்திரை என்று விற்கப்படுவதை வாங்குகிறவர் எந்தச் சர்ட்டுயினைத் தூண்டுகிறார் என்று கேட்டுப் பார்க்கட்டும்.

மீத்தைல் பக்கம் சுருக்கமாக. அண்மைச் சுருள்குழலில் மட்டும் டிஎன்எம்டி1-ஐ நீக்கிய எலிகளுக்குச் சிஸ்பிளாட்டின் பாதிப்பு கூடியது என்று 2017-ல் வெளியானது. அதாவது குழல் செல்லில் இந்த நொதி காவலன். 2010-ல் வந்த இன்னொரு ஆய்விலோ இதே டிஎன்எம்டி1, நார்த்திசு வளர்க்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் ராசல்1 என்ற அடக்கும் மரபணுவை மீத்தைல் போட்டு மூடி, நார்பிடிப்பை நிலைக்க வைக்கிறது. ஒரு செல்லில் காவல், பக்கத்துச் செல்லில் கேடு. உடல் முழுக்கப் பரவும் மாத்திரைக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஈஇசட்எச்2-ஐத் தடுத்தால் எலிகளில் பாதிப்பு குறைகிறது என்று பல ஆய்வுகள் ஒருமுகமாகச் சொல்கின்றன. ஆனால் தொடக்க ஆய்வுகளில் பயன்பட்ட டிஇசட்நெப் என்ற தடுப்பான் அந்த நொதியை மட்டும் தடுப்பதில்லை. மீத்தைல் தரும் சுழற்சியையே குலைத்து, பல மீத்தைல் நொதிகளை ஒருசேர முடக்குகிறது. குறிதவறாத டாசெமெட்டோஸ்டாட் 2020-ல் அமெரிக்காவில் ஓர் அரிய சதைப் புற்றுக்கு அனுமதி பெற்றது. சிறுநீரகப் பாதிப்புக்கு எழுத அதற்கு அனுமதி இல்லை.

கட்டுரையாளர் பிஆர்டி4-ஐயும் நொதிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அதற்கும் அசிட்டைல் ஏற்றும் திறன் உண்டு என்று 2016-ல் ஒரு குழு எழுதியது உண்மைதான். ஆனால் ஹிஸ்டோனில் உள்ள அசிட்டைல் குறியைப் படித்து, மரபணுப் படியெடுப்பைத் தூண்டும் புரதமாகவே அது இங்கே பேசப்படுகிறது. இதைச் சொல்லக் காரணம் வெறும் பிழை பிடிக்கும் ஆசை என்று நினைக்க வேண்டாம். 2020-ல் வெளியான ஆய்வில், ரத்தத் தடைக்கு முன்பே பிஆர்டி4-இன் வேலையை முடக்கிய எலிகள் மீளத் தவறின, சாவும் கூடியது. இந்த வகைத் தடுப்பான்கள் புற்றுநோய்ச் சோதனைகளில் இருப்பதால், சிறுநீரகம் அடிபடும் அபாயம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும்போது கவனம் தேவை என்று ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். கட்டுரை இதற்கு நேர் எதிராக, நம்பிக்கை தரும் இலக்கு என்று எழுதிவிட்டது.

இனி ஆய்வுக்கூடத்தில் எது தவறிப்போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். மருத்துவச் செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு ஆய்வை எடைபோட இதுதான் பயன்படும்.

எலியின் இரு சிறுநீரகங்களுக்கும் போகும் ரத்தக்குழாய்களைக் கிளிப்பால் 25 முதல் 30 நிமிடம் இறுக்கி விடுவிப்பது வழக்கமான முறை. உடல் வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸ் அருகே நிலையாகப் பிடித்துவைக்காவிட்டால் முடிவுகள் பொருளற்றுப் போகும். ஓரிரு டிகிரி குறைந்தாலே சிறுநீரகம் தப்பிவிடும். மருந்து எலியின் உடல் வெப்பத்தைச் சற்றே இறக்கியிருந்தால்கூட அது சிறுநீரகத்தைக் காத்தது போலத் தோன்றும். ஆண் எலிகளுக்குப் பாதிப்பு கூடுதல், பெண் எலிகளுக்குக் குறைவு. ஆகவே ஆண் எலிகளை மட்டும் வைத்துச் செய்ததா என்று பார்க்க வேண்டும். கிரியேட்டினினை ஜாஃபே என்ற பழைய நிறமாற்ற முறையில் அளந்திருந்தால், எலி ரத்தத்தில் அந்த நிறத்தைத் தரும் வேறு பொருட்கள் மிகுதி என்பதால் அந்த எண்ணைப் பெரிதாக நம்ப முடியாது.

சிஸ்பிளாட்டின் ஆய்வில் வேறொரு பொறி. எலிக்குக் கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் ஒரே ஊசியாகப் போட்டு மூன்றாம் நாள் பார்ப்பார்கள். நோயாளிக்குக் குறைந்த அளவு பல சுற்றுகளாகப் போகிறது, தடவைக்குத் தடவை சேதம் சேருகிறது. அதோடு, சிஸ்பிளாட்டின் குழல் செல்லுக்குள் நுழைவது ஓசிடி2 போன்ற கடத்திப் புரதங்கள் வழியாக. நொதித் தடுப்பான் அந்தக் கடத்தியின் மரபணுவையே அடக்கிவிட்டால் நஞ்சு உள்ளே போவதே குறைந்துவிடும். திசுவில் பிளாட்டினத்தின் அளவை அளந்து காட்டாத ஆய்வில், மருந்து செல்லைக் காத்ததா, கதவைச் சாத்தியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. புற்றுக் கட்டியும் அதே எலியில் இருக்க வேண்டும். சிறுநீரகத்தோடு சேர்த்துக் கட்டியையும் காப்பாற்றும் மருந்தை யாரும் எழுதித் தரப்போவதில்லை. இந்த ஓர் இடத்தில் எச்டேக் தடுப்பான்களுக்கு உண்மையாகவே சாதகம் உண்டு. அவற்றில் சில புற்றுநோய் மருந்துகளே, வோரினோஸ்டாட் 2006-லேயே தோல் சார்ந்த ஒரு டி-செல் லிம்ஃபோமாவுக்கு அனுமதி பெற்றது.

மூன்றாவது, எதை அளக்கிறோம் என்பது. முழுச் சிறுநீரகத்தையும் அரைத்து ஹிஸ்டோன் குறிகளை அளந்தால், நலமான உறுப்பில் பெரும்பங்கு குழல் செல்களுடையது. அடிபட்ட மூன்றாம் நாளில் குழல் செல்கள் உதிர்ந்து, வெள்ளணுக்கள் வந்து குவிந்திருக்கும். இப்போது ஒரு குறி கூடியிருக்கிறது என்றால், குழல் செல்லில் நொதி வேலை செய்ததா, புதிதாக வந்த வெள்ளணுக்கள் தங்கள் குறிகளோடு வந்தனவா? ஒவ்வொரு செல்லையும் தனியே பிரித்து, எந்த மரபணுப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்க்கும் முறைகள் வந்தபின்தான் இதற்குப் பதில் கிடைக்கத் தொடங்கியது. மீளத் தவறிய, விகேம்1 என்ற புரதத்தை ஏந்திய ஒரு தனிச் செல்கூட்டம் அப்படித்தான் தெரியவந்தது. எலியின் ஒரு சிறுநீரகத்துக்கு மட்டும் ரத்தத்தைத் தடுத்துச் செய்த ஆய்வுகளில், மூன்று வாரம் கழித்தும் அழற்சி மரபணுக்களின் மேல் திறந்த குறிகள் அப்படியே இருந்தன. அந்தக் குறிகள் நோயைத் தள்ளிக்கொண்டு போகின்றனவா, நோய் நடப்பதைப் பதிவு செய்கின்றனவா என்பதைத் தீர்க்க, குறிப்பிட்ட ஒரு மரபணுவின் மேல் உள்ள குறியை மட்டும் அழித்துப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்த சிறுநீரக ஆய்வுகள் இன்னும் மிகக் குறைவு.

நேரம்தான் எல்லாவற்றிலும் பெரிய தடை. எலி ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் மருந்து, அடி விழும் முன்பே கொடுக்கப்படுகிறது. நோயாளியோ அடி விழுந்தபின் வருகிறார். சிறுநீரகம் முற்றிலும் நின்றாலும் கிரியேட்டினின் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிகிராம் வீதம்தான் ஏறும். எனவே முதல் சில மணி நேரத்தில் அறிக்கையில் ஒன்றும் தெரியாது. என்கேல், கிம்-1 போன்ற குறிப்பான்கள் அதற்கு முன்பே ஏறுகின்றன. சிறுநீரில் டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி7 ஆகிய இரண்டு புரதங்களையும் அளக்கும் சோதனைக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் பெரும்பாலான வார்டுகளில் இன்னமும் கிரியேட்டினின்தான் ஆட்சி செய்கிறது. இதய அறுவை, மாற்றுச் சிறுநீரகம், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று இடங்களில் மட்டும் அடி எப்போது விழும் என்று நமக்கு முன்பே தெரியும். இந்த மருந்துகளில் ஏதாவது நோயாளியிடம் வந்து சேருமானால் முதலில் அங்கேதான் சேரும் என்பது எங்கள் கணிப்பு.

அப்படி ஒரு முயற்சி நடந்தும் இருக்கிறது. என்ஏடி குறைவதைச் சரிசெய்ய, இதய அறுவைக்கு வந்த 41 பேரைப் பிரித்து, வைட்டமின் பி3 வகையான நிகோட்டினமைடு 1 கிராம், 3 கிராம் அல்லது போலி மருந்து கொடுத்துப் பார்த்த தொடக்கநிலைச் சோதனை 2018-ல் வெளியானது. மருந்து தாங்கத்தக்கதாக இருந்தது, சிறுநீரகப் பாதிப்பும் குறைந்தது போல் தெரிந்தது. 41 பேர் என்பது அடுத்த சோதனையைத் திட்டமிடப் போதும், சிகிச்சையை மாற்றப் போதாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிகோட்டினமைடு என்ஏடியாக மாறிச் சர்ட்டுயினுக்கு எரிபொருள் தரும், ஆனால் அதுவே செறிவு கூடினால் சர்ட்டுயினைத் தடுக்கும். கடையில் வைட்டமின் பி3 புட்டி வாங்கி இரண்டு மடங்கு போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, எங்களை இந்தக் கடிதம் எழுத வைத்த வரிக்கு வருகிறோம். எச்டேக் தடுப்பான் ஏற்கெனவே மலிவாகக் கிடைக்கிறது, வலிப்புக்குத் தரும் வால்ப்ராயேட்தான் அது என்று கட்டுரை முடிகிறது. வால்ப்ராயேட் முதல் வகுப்பு எச்டேக்குகளைத் தடுக்கும் என்பது 2001 முதலே தெரிந்தது. எலிகளில் ரத்தத் தடைக்கு முன்னால் கொடுத்துச் சிறுநீரகத்தைக் காத்த ஆய்வுகளும் உள்ளன. ஆனால் அங்கே கொடுத்த அளவு, கிலோ கணக்கில் மனிதருக்குத் தருவதைவிடப் பல மடங்கு. எலி மருந்தை வேகமாகக் கழிக்கும் என்பதால் அந்த எண்ணை அப்படியே மாற்றிப் போடவும் முடியாது. ஈரலைக் கெடுக்கும், கணையத்தை வீங்கச் செய்யும், தட்டணுக்களைக் குறைக்கும், கருவிலுள்ள குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு உண்டாக்கும் மருந்து அது. குழந்தைகளில் சிலருக்கு அண்மைச் சுருள்குழலையே பழுதாக்கி, பாஸ்பேட்டும் பைகார்பனேட்டும் சிறுநீரில் ஒழுகும் ஃபான்கோனி நோயைத் தந்திருக்கிறது. எந்தக் குழலைக் காக்கப் பரிந்துரைக்கிறோமோ அதே குழல். மேலும், சிறுநீரகம் செயலிழந்த நிலையில் ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் திரியும் வால்ப்ராயேட்டின் பங்கு கூடிவிடும். வழக்கமான ரத்தச் சோதனை மொத்த அளவை மட்டும் காட்டி, அளவு சரியாக இருக்கிறது என்று ஏமாற்றும்.

ஆகவே தங்கள் அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டுகிறோம். சிறுநீரகத்துக்காக வால்ப்ராயேட்டை யாரும் தாமாகத் தொடங்கக் கூடாது. வலிப்புக்காக ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அதை நிறுத்தவும் கூடாது, திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாக வரலாம். திடீர் சிறுநீரகப் பாதிப்பிலிருந்து மீண்டவர்கள் 3 மாதம் கழித்துக் கிரியேட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும், வலி மாத்திரை வாங்கும்போதும், சிடி ஸ்கேனுக்குச் சாய ஊசி போடும்போதும் தமக்கு இப்படி ஒன்று நேர்ந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்ற இரண்டு வரியையும் குறிப்போடு சேர்த்தால் நலம்.

இப்படிக்கு,
சிறுநீரக மருத்துவத்திலும் செல் உயிரியலிலும் பணிபுரியும் வாசகர்கள் சிலர்